மேல இருக்குற நம்பரை மட்டும் நம்பாதீங்க: 108 ஆம்புலன்ஸ்ல புதுசா ஏறுற ஈஎம்டிகளுக்கு (அவசர மருத்துவ டெக்னீஷியன்களுக்கு)

பேஷன்ட்டுக்கு ஒரு 25 வயசு இருக்கும். பைபாஸ்ல பைக் ஸ்கிட் ஆகி ஹேண்டில்பார் இடது பக்க வயித்துல குத்திருக்கு, நாங்க போய் நிக்கிறப்ப அவன் டீக்கடை பெஞ்ச்ல உக்காந்து யாரோ வாங்கிக் குடுத்த சோடாவ குடிச்சிட்டு இருக்கான், "ஒண்ணும் இல்லண்ணே, சிராய்ப்புதான், வீட்டுக்குப் போயிடுறேன்"ங்குறான். பிபி 118/78, பல்ஸ் 92. பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப எடுத்தா 116/92, பல்ஸ் 118. நான் வேலைக்கு சேர்ந்த புதுசு, மேல இருக்குற நம்பர் 118 இருந்தது 116 ஆகிருக்கு, இதுல என்ன பெருசா மாறிடுச்சுன்னு நினைச்சேன். கூட வந்த சீனியர் அக்கா கீழ இருக்குற நம்பர்ல விரல வெச்சுக் காட்டிட்டு, அவன் கையத் தொட்டுப் பார்த்துட்டு, டிரைவர்கிட்ட (108ல டிரைவர பைலட்னுதான் கூப்பிடுவோம்) "பைலட்டண்ணே, ஸ்ட்ரெச்சர எடுங்க"ன்னாங்க. மண்ணீரல் கிழிஞ்சிருந்தது. உள்ள ரத்தம் கசிஞ்சிட்டே இருந்திருக்கு, வெளிய ஒரு சொட்டு கூட இல்ல.

தமிழ்நாட்டுல 108 சர்வீஸ் 2008 செப்டம்பர்ல வந்துச்சு, அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே ஆந்திராவுல தொடங்கிட்டாங்க. இதுல ஈஎம்டியா சேர்றவங்க நர்சிங் படிச்சவங்க, டிஎம்எல்டிங்குற லேப் படிப்பு முடிச்சவங்க, பிஎஸ்சி ஜுவாலஜி பயோடெக்னு எல்லா பக்கத்துல இருந்தும் வர்றாங்க. கிளாஸ்ல பாடம் நல்லாவே எடுக்குறாங்க, மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம்னு போற ஏபிசிடிஇ வரிசை, நெஞ்ச அமுக்குற சிபிஆர் எண்ணிக்கை எல்லாம் மனப்பாடமா சொல்வாங்க. ஆனா வண்டில ஏறுன முதல் மாசத்துல தடுமாறுறது எங்கன்னா, கத்தி கலாட்டா பண்ற பேஷன்ட்ட பார்த்து பயப்படுவாங்க, அமைதியா பேசிட்டு இருக்குற பேஷன்ட்ட பார்த்து நிம்மதி ஆயிடுவாங்க. நான் இங்க எழுதப்போறது முழுக்க அந்த ரெண்டாவது ஆளைப் பத்திதான், ஏன்னா நம்ம உடம்பு கடைசி வரைக்கும் நிலைமைய மறைக்கும், அந்த மறைப்பு உடையறதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலைல பாதி.

ரத்தக் கணக்க முதல்ல பார்ப்போம். ஒரு சராசரி ஆளுக்கு உடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம். அதுல 750 மில்லி வரைக்கும் போனா வெளிய பெருசா எதுவும் தெரியாது. 750ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் போறப்ப இதயம் வேகமா அடிக்க ஆரம்பிக்கும், மூச்சும் கொஞ்சம் வேகமாகும், கை கால் தோலுக்குப் போற ரத்தக்குழாய்கள் இறுகிக்கும், அந்த ரத்தத்த மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விடும். குழாய் இறுகுறதால கீழ இருக்குற நம்பர் ஏறும், மேல இருக்குறது அப்படியே நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி சுருங்கும். அந்தப் பையனுக்கு முதல்ல 40 இருந்த இடைவெளி பத்து நிமிஷத்துல 24 ஆயிடுச்சு, அதுதான் அக்கா பார்த்தது. மேல இருக்குற நம்பர் சரிய ஆரம்பிக்கிறது மொத்த ரத்தத்துல 30 சதவீதத்துக்கு மேல போன பிறகுதான், அதாவது ஒன்றரை லிட்டர் தாண்டுன பிறகு. அப்ப அதைப் பார்த்துட்டு நீங்க பரபரன்னு ஓடுறீங்கன்னா, லேட்டாத்தான் ஓடுறீங்க.

அதனால கைய வெச்சுப் பாருங்க. தோல் சில்லுன்னு ஈரமா இருக்கா, நகத்த அமுக்கி விட்டா திரும்ப சிவக்க 2 செகண்டுக்கு மேல ஆகுதா, மணிக்கட்டுல பல்ஸ் நூல் மாதிரி ஓடுதா. "தண்ணி குடுங்க, தாகமா இருக்கு"ன்னு திரும்பத் திரும்ப கேக்குறவன், காரணமே இல்லாம எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறவன், முதல்ல தெளிவா பேசிட்டு இப்ப எரிஞ்சு விழுறவன், இவங்களுக்கெல்லாம் உள்ள ரத்தம் போகுதுன்னு எடுத்துக்கிட்டு மேல பாருங்க. ஆக்சிடென்ட்ல அடிபட்டவங்களுக்கு சோடா, தண்ணி குடுக்குறது நம்ம ஊர்ல பாசத்துல செய்யுறது, குடுத்தவங்கள திட்டாதீங்க, ஆனா வாங்கி ஓரமா வெச்சிருங்க, ஏன்னா ஆபரேஷன் டேபிள்ல மயக்க மருந்து குடுக்குறப்ப வயித்துல இருக்குறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும்.

வயசானவங்ககிட்ட இந்தக் கணக்கு இன்னும் மோசமா ஏமாத்தும். பிரஷர் மாத்திரை சாப்பிடுறவருக்கு அதுலயும் அடினோலால், மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரைன்னா பல்ஸ் பெருசா ஏறாது, 80லயே நிக்கலாம். வழக்கமா 160 இருக்குற தாத்தாவுக்கு இன்னைக்கு 110 இருந்தா அது நார்மல் இல்ல, அவருக்கு அது லோ பிபி. மாத்திரைப் பையக் கேட்டு வாங்கிப் பாருங்க, நம்ம ஊர்ல பாட்டி தாத்தா எல்லாரும் ஒரு மஞ்சப்பையிலயோ பழைய டப்பாவுலயோ எல்லா மாத்திரையும் போட்டு வெச்சிருப்பாங்க, அதை அப்படியே வண்டில ஏத்துங்க.

செய்ய வேண்டியது என்னன்னா, வெளிய பீச்சி அடிக்கிற ரத்தம் இருந்தா மூச்சுப்பாதைக்கும் முன்னாடி அதை நிறுத்தணும், இப்ப எல்லா இடத்துலயும் அப்படித்தான் சொல்லித் தர்றாங்க. நேரடியா அமுக்குங்க, அதுலயும் நிக்கலன்னா கை காலை இறுக்குற டூர்னிக்கே பட்டை, காயத்துக்கு 5 லிருந்து 7 சென்டிமீட்டர் மேல, மூட்டு மேல போடக்கூடாது, ரத்தம் நிக்கிற வரைக்கும் இறுக்குங்க, போட்ட டைம அதுமேலயே எழுதுங்க. அரைகுறையா இறுக்குனா உள்ள போற ரத்தம் போகும், திரும்பி வர்றது மட்டும் அடைபடும், ரத்தப்போக்கு இன்னும் அதிகமாகும். தொடை எலும்பு ஒண்ணு உடைஞ்சாலே ஒரு லிட்டருக்கு மேல தொடைக்குள்ளயே தேங்கிடும், இடுப்பெலும்பு உடைஞ்சா அதைவிட அதிகம், அதனால இடுப்ப ஆட்டி ஆட்டி டெஸ்ட் பண்ணாதீங்க, ஒரு பெட்ஷீட்ட மடிச்சு தொடை எலும்போட மேல்முனை கையில தட்டுப்படுற லெவல்ல இறுக்கிக் கட்டுங்க. அப்புறம் ஏசிய ஆஃப் பண்ணுங்க. உடம்பு குளிர்ந்தா ரத்தம் உறையாது, வெளிய 38 டிகிரி வெயில்ல இருந்தாலும் ரத்தம் போன ஆளுக்கு போர்வை வேணும்.

கோல்டன் ஹவர்னு ஒண்ணு எல்லாரும் சொல்வாங்க, அமெரிக்காவுல பால்டிமோர்ல ஆடம்ஸ் கௌலிங்கிற சர்ஜன் பரப்புன வார்த்தை. 60 நிமிஷம்ங்கிற அந்தக் கணக்குக்கு உறுதியான ஆதாரம் கிடையாது, மண்ணீரல் கிழிஞ்சவனுக்கு 60 நிமிஷம் இல்ல, கால் உடைஞ்சவனுக்கு 60 நிமிஷத்துக்கு மேலயே இருக்கு. என்னைக் கேட்டா ஸ்பாட்ல பத்து நிமிஷத்துக்கு மேல நிக்காதீங்கன்னு மட்டும் சொல்வேன், ஊசி போடுறதா இருந்தாலும் வண்டி ஓடுறப்பவே போடுங்க.

தலையில அடிபட்டவங்க விஷயத்துல எல்லாமே தலைகீழ். மண்டை ஓட்டுக்குள்ள ரத்தம் கட்டுறப்ப பிபி ஏறும், பல்ஸ் குறையும், மூச்சு தாறுமாறா வரும். அடிபட்ட உடனே மயங்கி, அப்புறம் தெளிஞ்சு, எந்திரிச்சு, போன் பேசி, ஒரு மணி நேரம் கழிச்சு தூக்கம் வருதுன்னு படுத்து, அப்படியே எழுப்ப முடியாம போறவங்க இருக்காங்க. அந்த நடுவுல தெளிவா இருக்குற நேரத்துலதான் வீட்டுக்காரங்க "ஆம்புலன்ஸ் வேணாம் தம்பி, நாங்க பார்த்துக்குறோம்"னு கையெழுத்துப் போட வர்றாங்க. உடனே கையெழுத்து வாங்கிட்டு கெளம்பிடாதீங்க. கொஞ்ச நேரமாச்சும் மயங்கி இருந்தாரா, வாந்தி எடுத்தாரா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரா, குடிச்சிருக்காரா, இந்த நாலையும் கேளுங்க, கண்ட்ரோல் ரூம் டாக்டர்கிட்ட லைன் போட்டுக் குடுத்து அவரையே பேசச் சொல்லுங்க. குடிச்சிருக்கான் அதான் உளர்றான்னு நினைச்சு விட்டா அதுக்கு உள்ள ஒரு ரத்தக்கட்டு ஒளிஞ்சிருக்கலாம்.

அடுத்தது நம்ம ஊர்ல ரொம்பப் பேர காவு வாங்குற வார்த்தை, "வாயு". ராத்திரி புரோட்டா சாப்பிட்டேன், நெஞ்செரிச்சல், ஓமத்தண்ணி குடிச்சேன் கேக்கலன்னு சொல்ற 50 வயசு ஆள், அதுலயும் சுகர் இருக்குற ஆள், அவருக்கு நெஞ்சுவலியே வராம வாந்தியும் மேல் வயித்து வலியும் வேர்வையும் மட்டும் வரலாம். இதயத்தோட அடிப்பக்கம் அடைச்சா அப்படித்தான் வரும், பல்ஸ் கூட குறைவா இருக்கும். பொம்பளைங்க பல பேர் "அசதியா இருக்கு, முதுகு வலிக்குது, தாடை இழுக்குது"ன்னு மட்டும்தான் சொல்வாங்க. சட்டை நனையுற அளவுக்கு வேர்த்திருந்தா அவங்க என்ன சொன்னாலும் ஈசிஜி எடுக்குற வரைக்கும் அது ஹார்ட்டுன்னே வெச்சுக்கோங்க. ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் முழுங்கச் சொல்லாதீங்க, மென்னு சாப்பிடச் சொல்லுங்க, அலர்ஜி இருக்கா ரத்த வாந்தி எடுத்தாங்களான்னு கேட்டுட்டு டாக்டர் சொல்லி குடுக்கணும். 2023ல இருந்து இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே லோடிங் டோஸ், அதாவது முதல்ல ஒரே தடவையா குடுக்குற மாத்திரைகள குடுக்குறாங்க, அங்க போயிட்டு வந்த பேஷன்ட்டுன்னா ஏற்கனவே சாப்பிட்டாரான்னு கேட்டு எழுதுங்க. நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரைய மட்டும் பிபி பார்க்காம குடுத்துடாதீங்க, நான் சொன்ன அந்த அடிப்பக்க அட்டாக்ல பிபி தொப்புனு விழுந்துடும். அப்புறம் மாடி வீடுன்னா நடந்து எறங்கி வரச் சொல்லாதீங்க, "நான் நடப்பேன் தம்பி"ன்னு அவரே சொல்வாரு, நாற்காலியோட தூக்குங்க.

அதே ஆள் கண்ணு முன்னாடி சாய்ஞ்சுட்டா? அங்கயும் ஒரு ஏமாத்து வேலை இருக்கு. இதயம் நின்ன முதல் சில நிமிஷம் வாயத் திறந்து திறந்து மீன் மாதிரி இழுக்கும், குறட்டை மாதிரி சத்தம் வரும். வீட்டுல "மூச்சு இருக்கு, இழுத்துக்கிட்டு இருக்கு"ன்னு சொல்வாங்க. அது மூச்சு இல்ல, அதுல தேவையான காத்து கிடைக்காது. கூப்பிட்டா அசைவு இல்ல, மூச்சு நார்மலா இல்ல, கழுத்துல 10 செகண்டுக்குள்ள பல்ஸ் உறுதியா தெரியல, அவ்வளவுதான், நெஞ்சுல கைய வெச்சிடுங்க. நிமிஷத்துக்கு 100லிருந்து 120, ஆழம் 5 சென்டிமீட்டருக்கு குறையாம 6க்கு மேல போகாம, ஒவ்வொரு அமுக்குக்கும் நெஞ்சு முழுசா மேல வர விடணும், 30க்கு ரெண்டு மூச்சு. நடுவுல நிறுத்துறதுதான் கெடுதல், ஏன்னா இதயத் தசைக்கே ரத்தம் போற அளவுக்கு பிரஷர் சேர பல அமுக்கு ஆகும், நீங்க நிறுத்துனா அது சட்டுனு விழுந்துடும். 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்துங்க, பைலட்டுக்கும் இது தெரிஞ்சிருக்கணும். கையால அமுக்கி மூச்சு குடுக்குற ஆம்பு பேக்க பதட்டத்துல புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்காதீங்க, நெஞ்சு லேசா எழும்புனா போதும், அதிகமா அடிச்சா காத்து வயித்துக்குப் போய் வாந்தி மேல வரும், நெஞ்சுக்குள்ள பிரஷர் ஏறி இதயத்துக்குத் திரும்ப வர்ற ரத்தமும் குறையும். ஓடுற வண்டில அமுக்குறது ஒழுங்கா விழாது, அதனால முதல் சில சுத்து அந்த தரையிலயே, ஷாக் மெஷின மாட்டிப் பண்ணிட்டு அப்புறம் நகருங்க.

கட்டுவிரியன் கடி பத்தி கொஞ்சம் விரிவா எழுதணும், ஏன்னா இதுல ஈஎம்டி கையில ஒரு உயிர் முழுசா இருக்கும். நாகப்பாம்பு, கண்ணாடி விரியன் எல்லாம் கடிச்சா வலி, வீக்கம்னு இடத்தக் காட்டிக்குடுக்கும். கட்டுவிரியன் ராத்திரில வரும், தரையில பாய் விரிச்சுப் படுத்திருக்குறவங்களக் கடிக்கும், எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது, பல் தடம் தெரியாது, வீக்கம் இருக்காது. காலைல 4 மணிக்கு வயித்து வலி, வாந்தின்னு போன் வரும். நீங்க போய் பார்த்தா ஆள் சாதாரணமா இருக்குற மாதிரி இருக்கும். அப்ப கண் இமையப் பாருங்க. தூக்கக் கலக்கம் மாதிரி இமை தொங்குதா, மேல பார்க்கச் சொன்னா முடியலயா, தலையணைல இருந்து தலையத் தூக்க முடியலயா, எச்சில் முழுங்க முடியலயா, ஒரே மூச்சுல 20 வரைக்கும் எண்ணச் சொன்னா பாதில நிக்குதா. இதெல்லாம் இருந்தா பாம்ப யாரும் பார்க்கலன்னாலும் அதை பாம்புக்கடின்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போகணும், விஷமுறிவு மருந்து இருக்குற இடம் எதுன்னு கண்ட்ரோல் ரூம்ல உறுதி பண்ணிக்கிட்டு.

போற வழியில மூச்சுத் தசை செயலிழந்து மூச்சு நின்னுடும். இதயம் அடிச்சிட்டேதான் இருக்கும். நீங்க ஆம்பு பேக்ல 6 செகண்டுக்கு ஒரு தடவை காத்து குடுத்துக்கிட்டே இருந்தா அவர் பிழைப்பார், அரை மணி நேரமா இருந்தாலும் ஒரு மணி நேரமா இருந்தாலும். இன்னொண்ணு, அந்த நிலைமைல கண்ணு பாப்பா விரிஞ்சு டார்ச் அடிச்சாலும் சுருங்காது, கை கால் அசையாது, பார்க்க முழுசா போயிட்ட மாதிரியே இருக்கும், ஆனா அவருக்கு நினைவு இருக்கலாம், நீங்க பேசுறது கேக்கலாம். அவர் காதுகிட்ட "அண்ணே, மூச்சு நான் குடுத்துட்டு இருக்கேன், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இருக்கோம், பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டே வாங்க. அவர் தலைமாட்டுல நின்னுக்கிட்டு "தேறாது"ன்னு யாரும் பேச விடாதீங்க.

கயிறு கட்டுறது, கீறி விடுறது, வாய் வெச்சு உறிஞ்சுறது எதுவும் வேணாம், கைய கால ஆட்டாம சிம்பு வெச்சு கட்டுங்க போதும். ஊர்க்காரங்க ஏற்கனவே கயிறு இறுக்கிருந்தா வழியில படார்னு அவுத்துடாதீங்க, டாக்டர் முன்னாடி மருந்து ரெடியா இருக்குறப்ப அவுக்கணும். இந்தியாவுல விஷமுறிவு மருந்து செய்யுறதுக்கான பாம்பு விஷத்துல பெரும்பங்கு நம்ம மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலில இருக்குற இருளர் கூட்டுறவு சங்கத்துல இருந்துதான் போகுது, 1978ல ஆரம்பிச்சது. நம்ம வண்டில வர்ற கடிபட்டவருக்கு ஏறுற அந்த மருந்துக்குப் பின்னால அவங்க கை இருக்குன்னு நினைச்சா எனக்கு எப்பவும் மனசு நிறையும்.

நல்லா இருக்குற மாதிரி காட்டுறதுல சுகர் குறைஞ்ச கேஸும் சேர்த்திதான். மயங்கிக் கிடக்குறவங்க யாரா இருந்தாலும், வாய் கோணிருந்தாலும், வலிப்பு வந்திருந்தாலும் முதல்ல குளுக்கோமீட்டர்ல ஒரு சொட்டு பாருங்க, பக்கவாதம் மாதிரி வந்தது வெறும் சுகர் 40ஆ இருக்கும். நினைவு இல்லாதவங்க வாயில சர்க்கரையப் போடாதீங்க. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏறுன ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சு உக்காந்து "நான் நல்லா இருக்கேன், எறக்கி விடுங்க"ன்னு சொல்வாங்க, அங்கதான் உஷார், கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிட்டவங்கன்னா சில மணி நேரத்துல திரும்ப இறங்கும், ராத்திரி தூக்கத்துல இறங்குனா யாருக்கும் தெரியாது. ஆஸ்துமாவுல வீசிங் சத்தம் நின்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பேசக்கூட முடியாம தூங்கி விழுற ஆளுக்கு நெஞ்சுல சத்தமே இல்லன்னா காத்தே போகலன்னு அர்த்தம். குழந்தைங்க பெரியவங்களவிட நல்லா சமாளிச்சுட்டு ஒரேயடியா விழுவாங்க, குழந்தைக்கு பல்ஸ் குறைய ஆரம்பிச்சா அது கடைசி மணி, உடனே மூச்சு குடுங்க. விஷம் குடிச்சவங்களுக்கு உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெக்காதீங்க, இடது பக்கமா படுக்க வெச்சு, சட்டையக் கழட்டி, க்ளவுஸோட உடம்பக் கழுவி, பாட்டிலக் கையோட கொண்டு போங்க. எலி பேஸ்ட் கேஸ்ல முதல் ரெண்டு நாள் ஒண்ணுமே தெரியாம இருந்து அப்புறம் ஈரல் போகும், அதனால "சும்மா கொஞ்சம்தான்"னு சொன்னாலும் விட்டுட்டு வரக்கூடாது. அவங்ககிட்ட ஏன் இப்படிப் பண்ணேன்னு கேக்காதீங்க, பக்கத்துல உக்காருங்க.

நம்ம வண்டிகள்ல கர்ப்பிணிங்க கேஸ் ரொம்ப அதிகம், வழியிலயே பிரசவமும் ஆகும். குழந்தை வெளிய வர்றதப் பார்த்ததும் எல்லா கண்ணும் குழந்தை மேல போயிடும், துடைச்சு அம்மா நெஞ்சுல போட்டு மூடிட்டு, அழுதாச்சுன்னு எல்லாரும் சிரிச்சிட்டு இருப்பாங்க. அந்த நேரம் அம்மா அடிவயித்துல ஒரு கைய வெச்சிக்கிட்டே இருங்க. நஞ்சுக்கொடி வந்த பிறகு கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகி இருக்கணும், மாவு மாதிரி தொளதொளன்னு இருந்தா உள்ள ரத்தம் போகுது, விடாம தேய்ச்சு விடுங்க, குழந்தைய பால் குடிக்க வைங்க, கர்ப்பப்பைய சுருங்க வெக்கிற ஆக்சிடோசின் ஊசிக்கு கண்ட்ரோல் ரூம் டாக்டர்கிட்ட கேளுங்க. தொப்புள்கொடியப் பிடிச்சு இழுக்காதீங்க. கர்ப்பத்துல ரத்தத்தோட அளவு வழக்கத்தவிட 40 சதவீதத்துக்கு மேலயே கூடிருக்கும், அதனால இந்த மறைக்கிற வேலைய அவங்க உடம்பு எல்லாரையும்விட நல்லா செய்யும், சிரிச்சு பேசிட்டு இருக்குற அம்மாவுக்கு சீட்டுக்கு அடியில துணி நனைஞ்சிட்டு இருக்கலாம். துணியத் தூக்கிப் பாருங்க.

கடைசியா ஒப்படைக்கிறது. கவர்மென்ட் ஆஸ்பத்திரி எமர்ஜென்சில இப்ப அவசரத்தப் பொறுத்து ரெட், எல்லோ, கிரீன்னு பிரிக்கிறாங்க, 2021 டிசம்பர்ல வந்த நம்மைக் காக்கும் 48 திட்டத்துல சேர்ந்திருக்குற தனியார் ஆஸ்பத்திரியிலயும் ரோடு ஆக்சிடென்ட்டுக்கு முதல் 48 மணி நேரம் இலவசம், அதனால காசுக்கு யோசிக்கிற வீட்டுக்காரங்ககிட்ட அதைச் சொல்லி சரியான இடத்துக்குத் திருப்பலாம். ஆனா அங்க போய் "பேஷன்ட் ஸ்டேபிள் சார்"னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ரெட்ல போக வேண்டிய ஆள் எல்லோல போய் படுத்திருப்பாரு. ஒரு தடவை எடுத்த பிபிக்கு மதிப்பு கம்மி, அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணா டைம் போட்டு எழுதுன மூணு ரீடிங்தான் கதைய சொல்லும்.

அன்னைக்கு அக்கா சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "ஹேண்டில்பார் இடது வயிறு சார். 9.10க்கு பல்ஸ் 92, 118/78. 9.20க்கு 118, 116/92. இப்ப 9.35, பல்ஸ் 128, 110/94, கை சில்லுன்னு இருக்கு, மூணு தடவை தண்ணி கேட்டுட்டான்." டியூட்டி டாக்டர் பையன் முகத்தப் பார்த்தார், அவன் அப்பவும் "வீட்டுக்குப் போலாமா சார்"னுதான் கேட்டான், டாக்டர் அதுக்குப் பதில் சொல்லாம ஸ்கேன் மெஷின பக்கத்துல தள்ளச் சொல்லிட்டு, ரத்தத்துக்கு ஆள் அனுப்பச் சொன்னார்.